ரெசிஸ்டர் மறுபடி எரிந்தால் குற்றம் ரெசிஸ்டர் மேல் இல்லை

கேள்வி சுருக்கமாக இதுதான்: பழைய லாரி. ஹீட்டர் ஃபேன் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றுகிறது, கீழே உள்ள இரண்டு வேகத்திலும் சத்தமே இல்லை. ரெசிஸ்டர் (ஃபேன் வேகத்தைக் குறைக்கும் தடைச் சுருள்) மாற்றியதும் சரியானது, இரண்டே மாதத்தில் புதியதும் போய்விட்டது. டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தால் சுவிட்சுக்குப் பின்னால் ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் பழுப்பேறி ஒரு ஓரம் உருகியிருக்கிறது. ஃபியூஸ் மட்டும் ஒரு தடவைகூடப் போகவில்லை. அடுத்து சுவிட்சை மாற்றிவிடலாமா?

மாற்றத்தான் வேண்டியிருக்கும், ஆனால் இன்றைக்கு வேண்டாம். இப்போதே புது சுவிட்ச் போட்டால் அதுவும் ரெசிஸ்டர் போன வழியிலேயே போகும். நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரிதான், ஃபியூஸ் போகவில்லை என்பது. கப்ளர் உருகும் அளவுக்குச் சூடு இருந்தும் ஃபியூஸ் பேசாமல் இருக்கிறது என்றால் எங்கேயும் நேரடி ஷார்ட் இல்லை. ஒன்று, மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கிறது, ஆனால் ஃபியூஸ் அளவுக்குக் கீழேயே நிற்கிறது. இல்லையென்றால் ஏதோ ஒரு இணைப்பு லூஸாகி அந்த ஒரே இடம் மட்டும் கொதிக்கிறது. பழைய வண்டியில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

லூஸ் கான்டாக்ட் கரண்டைக் கூட்டாது, கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும், அதனால் ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பின்னில் 0.1 ஓம் தடை ஏறிவிட்டது என்று வையுங்கள். மீட்டரில் தேடினால்கூடச் சரியாகப் பிடிபடாத அளவு அது. அதன் வழியாக 15 ஆம்பியர் போனால் 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போகும், கூடவே 22 வாட்டுக்கு மேல் சூடு. ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள் செருகி மணிக்கணக்கில் விட்டால் என்ன ஆகும், அதுதான் உங்கள் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஆகியிருக்கிறது.

வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று நீங்கள் சொல்லவில்லை, நான் 12 கணக்கிலேயே போகிறேன். 24 என்றால் வோல்ட்டை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள், ஆம்பியர் ஏறக்குறைய பாதியாகும், மற்றபடி எல்லாம் ஒன்றுதான்.

முதலில் கரண்ட் எந்த வழியாக ஓடுகிறது என்பது தலையில் இருக்க வேண்டும். பேட்டரி, ஃபியூஸ், சாவி சுவிட்ச் (சில வண்டிகளில் இந்த இடத்தில் ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஃபேன் சுவிட்ச், ரெசிஸ்டர், மோட்டார், கடைசியில் பாடி எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடல் வழியாக பேட்டரி மைனஸுக்கு. குறைந்த வேகத்தில் கரண்ட் ரெசிஸ்டரின் எல்லாச் சுருள்களையும் தாண்டி மோட்டாருக்குப் போகும், நடு வேகத்தில் சில சுருள்களை மட்டும் தாண்டும், கடைசி வேகத்தில் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகப் போகும். அதனால்தான் ரெசிஸ்டர் அறுந்தால் கடைசி வேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. தலைகீழாக, கடைசி வேகம் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் ரெசிஸ்டரை மறந்துவிட்டு அந்த வேகத்துக்கான ரிலேயையும் தனி ஒயரையும் பாருங்கள். நடுவில் ஒரு வேகம் மட்டும் இல்லையென்றால் சுவிட்சுக்குள் ஒரு புள்ளி தேய்ந்திருக்கும், அல்லது அந்த ஒரு ஒயர் கழன்றிருக்கும். எந்த வேகமும் இல்லையென்றால் ஃபியூஸ், சாவி சுவிட்சிலிருந்து வரும் லைன், மோட்டார், எர்த், இந்த நான்கில் ஒன்று.

எல்லா வண்டியிலும் சுவிட்ச் பிளஸ் பக்கம்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் மோட்டாருக்கு பிளஸ் நேராக வந்துவிடும், சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கம் இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். சாவியைப் போட்டு, ஃபேன் சுவிட்சை ஆஃபில் வைத்து, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாடி எர்த்தில் மாட்டி, மறு முனையை மோட்டாரின் இரண்டு ஒயரிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் எர்த் பக்கம் சுவிட்ச். இரண்டிலும் எரியவில்லை என்றால் அநேகமாக பிளஸ் பக்கம், ஆனால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே உறுதி செய்திருக்க வேண்டும். இது தெரியாமல் எங்கேயோ 12 வோல்ட் வருகிறது என்று குழம்பி, நல்ல மோட்டாரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

டெஸ்ட் லேம்ப் என்று நான் சொல்வது உள்ளே எல்.ஈ.டி. வைத்த பேனா மாதிரி வருவதை இல்லை. இண்டிகேட்டரில் வரும் 21 வாட் பல்பு, இரண்டு ஒயர், ஒரு கிளிப், அவ்வளவுதான். மல்டிமீட்டர் கரண்ட் இழுக்கவே இழுக்காது என்று சொல்லலாம், அதனால் இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஜம்மென்று 12.6 காட்டும். அந்த ஒயரில் ஃபேனைப் போட்டால் சரியாக ஓடாது, மீட்டர் மட்டும் எல்லாம் சரி என்று சாதிக்கும். பல்பு கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும், நோஞ்சான் ஒயரில் மங்கிவிடும், உண்மை வெளியே வந்துவிடும். மீட்டரும் வேண்டும்தான், ஆனால் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றி வைத்துவிட்டு அளந்த எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், ஃபேனைக் கடைசி வேகத்தில் வையுங்கள், அதுதான் உங்களிடம் ஓடுகிறதே. பேட்டரியில் நேராக அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இப்போது மோட்டார் கப்ளரின் பின்பக்கமிருந்து, ஒயர் நுழையும் ஓட்டை வழியாக, இரண்டு குண்டூசியை மெதுவாகச் செருகி அங்கே அளந்து பாருங்கள். இரண்டு குண்டூசியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட் குறைவாக இருந்தால் பழைய வண்டிக்கு அது நல்ல எண்ணிக்கை, ஒரு வோல்ட் வரை பரவாயில்லை. அதற்கு மேல் குறைந்தால் வழியில் எங்கேயோ வோல்ட் தொலைகிறது.

எங்கே தொலைகிறது என்பதையும் மீட்டரே சொல்லிவிடும். சிவப்பு முனையை பேட்டரி பிளஸிலும், கறுப்பை மோட்டாரின் பிளஸ் ஒயரிலும் வையுங்கள். இது பார்க்க வினோதமாக இருக்கும், இரண்டுமே பிளஸ்தானே என்று தோன்றும். ஆனால் ஃபேன் ஓடும்போது அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் தொலைந்த வோல்ட் எவ்வளவோ அதுதான் திரையில் வரும். 2 வோல்ட் என்று வந்தால் சிவப்பை அங்கேயே விட்டுவிட்டு, கறுப்பை ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கி நகர்த்துங்கள்: சுவிட்சிலிருந்து வெளியே வரும் இடம், உள்ளே போகும் இடம், சாவி சுவிட்ச், ஃபியூஸுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். எந்த அடியில் எண் திடீரென்று விழுகிறதோ அந்த அடிக்குள் இருக்கிறது கோளாறு. நீளமான ஒயர் ஒன்று வேண்டும், பேட்டரியிலிருந்து கேபின் வரை, அவ்வளவுதான் செலவு.

அப்புறம் எர்த் பக்கம். மோட்டாரின் மைனஸ் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளங்கள். சுவிட்ச் பிளஸ் பக்கம் உள்ள வண்டி என்றால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இதைப் பெரும்பாலானவர்கள் அளப்பதே இல்லை. நானும் ஒரு காலத்தில் அளக்காதவன்தான். ஒரு வண்டியில் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றியது, மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும் என்று மோட்டாரையே மாற்றினேன், புது மோட்டாரும் அதே சோம்பல். அவமானம் தாங்காமல் கடைசியில் எர்த் பக்கம் மீட்டரை வைத்தால் 2.8 வோல்ட். ஒயரைத் தடவிக்கொண்டே போனால் டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் பக்கத்துத் தகட்டில் ஒரு திருகு. திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முன்பு யாரோ கேபினுக்கு பெயின்ட் அடித்தபோது அந்தத் தகட்டையும் சேர்த்து அடித்துவிட்டு, காய்ந்த பெயின்ட் மேலேயே வளையத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் கரண்ட் அந்தத் திருகின் புரி வழியாகத்தான் போய்வந்திருக்கிறது. வளையத்தின் அடியில் பெயின்ட் வட்டமாக, கருகிய அப்பளம் மாதிரி இருந்தது. உப்புத்தாளால் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, புது வளையம் போட்டு, முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். பழைய மோட்டாரையே திரும்பப் போட்டேன், ஓடியது.

பொதுவான ஒரு அறிகுறி சொல்கிறேன். ஃபேனைப் போட்டதும் வேறு ஏதாவது, டேஷ்போர்டு மீட்டர் முள்ளோ ஒரு விளக்கோ, சம்பந்தமில்லாமல் ஆடினால் இரண்டுக்கும் பொதுவான எர்த் ஒன்று கெட்டிருக்கிறது. சாவியை லேசாக அசைத்தால் ஃபேன் வேகம் மாறுகிறது என்றால் சாவி சுவிட்சின் உள்புள்ளி தேய்ந்துவிட்டது. ரிலே இல்லாத பழைய வண்டிகளில் ஹீட்டரின் மொத்தக் கரண்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகிறது, பாவம் அது.

உங்கள் வண்டி இன்ஜினுக்கு மேலே கேபின் உள்ளதாக, முன்னால் சாய்த்துத் திறக்கும் வகையாக இருந்தால், கேபின் கீல் பக்கத்தில் வளையும் ஒயர் கட்டைச் சந்தேகப்படுங்கள். வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும், வெளித்தோல் முழுசாகவே இருக்கும், கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு ஒயராகப் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும், அறுந்தது ரப்பர் மாதிரி நீளும். கேபினைச் சாய்த்து எடுத்த பிறகு ஹீட்டர் தானாகவே வேலை செய்தது அல்லது நின்றது என்று எப்போதாவது கவனித்திருந்தால் வேறு எங்கேயும் போக வேண்டாம், நேராக அங்கே போங்கள்.

இனி மோட்டார். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் அதிகம் இதன் மேல்தான், ரெசிஸ்டர் இரண்டு மாதத்தில் போனது என்பதால். இந்த மோட்டார்கள் வேகமாகச் சுற்றும்போது குறைவாகவும், இழுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும்போது அதிகமாகவும் கரண்ட் எடுக்கும். புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) காய்ந்துபோன மோட்டார் குறைந்த வேகத்தில் முக்கிக்கொண்டு சுற்றும், கரண்டை அதிகமாக இழுக்கும், அந்தக் கரண்ட் முழுக்க ரெசிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். அதே சமயம் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதால் காற்றும் குறைவு. ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்குள் வைத்திருப்பதே அந்தக் காற்று அதைக் குளிர வைக்கும் என்பதற்காகத்தான். ஒரு பக்கம் சூடு ஏறுகிறது, மறு பக்கம் குளிர்ச்சி இல்லை, ரெசிஸ்டரில் உள்ள வெப்ப ஃபியூஸ் உருகிவிடுகிறது. அது உருகியது நல்லதற்குத்தான், அதன் வேலையே அதுதான். அதை ஒயர் போட்டுத் தாண்டிவிட்டால் ஹீட்டர் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அடுத்து எரிவது பிளாஸ்டிக் குழாய்.

காற்று வரும் வழி அடைத்திருந்தாலும் இதே கதி. இங்கே மோட்டார் மேல் தப்பே இருக்காது, சருகும் தூசியும் முன்பக்கக் காற்று வாயிலை அடைத்திருக்கும், எலி கூடு கட்டியிருக்கும், வடிகட்டி உள்ள வண்டியென்றால் அது கெட்டித்துப் போயிருக்கும். ரெசிஸ்டருக்குக் காற்றுப் படாமல் எரியும்.

மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள், விரலில் மோதிரம் இருந்தால் அதையும். பெரும்பாலான வண்டியில் நாலைந்து திருகுதான். வெளியே எடுத்துக் கையால் சுற்றிவிட்டால் வழுக்கிக்கொண்டு சில சுற்று போய் நிற்க வேண்டும். சட்டென்று நின்றாலோ, கரகரவென்றாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ அதன் ஆயுசு முடிந்தது. உள்ளே தண்ணீர் இறங்கிய தடம், துரு, இருக்கிறதா பாருங்கள், கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயில் ஒழுகினால் தண்ணீர் நேராக மோட்டார் தலையில்தான் விழும். தட்டினால் ஓடுகிறது, தட்டாவிட்டால் நிற்கிறது என்றால் கார்பன் தேய்ந்துவிட்டது. புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், சில வாரம் ஓடும், அதை ரிப்பேர் என்று எண்ணிவிட வேண்டாம்.

எவ்வளவு இழுக்கிறது என்று எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால் கிளாம்ப் மீட்டர் வேண்டும், அதுவும் டி.சி. அளக்கும் வகை, மலிவான பலவற்றில் ஏ.சி. மட்டும்தான் இருக்கும், வாங்கும்போது பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் இந்த மோட்டாரை மாட்டிவிடாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போகும். 12 வோல்ட் மோட்டார் கடைசி வேகத்தில் வண்டியைப் பொறுத்து 10 முதல் 20 ஆம்பியர் வரை எடுக்கலாம். ஃபியூஸ் 25 ஆம்பியர் போட்டிருக்கிறார்கள், உங்கள் மோட்டார் 22 எடுக்கிறது என்றால் ஃபியூஸ் போகாமலே மற்றதெல்லாம் வேகும். மோட்டார் மாற்றினால் ஒயரை மாற்றிக் கொடுத்துவிடாமல் பாருங்கள். பிளஸ் மைனஸ் மாறினால் இந்தக் கூண்டு ஃபேன் தலைகீழாகச் சுற்றும், ஆனாலும் அதே பக்கம்தான் காற்றடிக்கும், பலவீனமாக. காற்று வருகிறதே என்று திருப்திப்பட்டு, ஏன் பத்தவில்லை என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கப்ளரும் சுவிட்சும். சுவிட்சை மட்டும் புதிதாக வாங்கி அதே கருகிய கப்ளரில் செருகாதீர்கள். சூடான லக்கு (கப்ளருக்குள் பின்னைப் பிடிக்கும் உலோகத் துண்டு) தன் ஸ்பிரிங் பிடியை இழந்துவிடும், புது பின்னை இறுக்கிப் பிடிக்காது, பிடிக்காத இடத்தில் மறுபடியும் சூடு. கப்ளரையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒயரைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள், தோலைச் சீவினால் செம்பு பளிச்சென்று சிவப்பாகத் தெரியும் வரை. கறுத்துப்போன, பச்சைக் களிம்பு ஏறிய இழையில் ஈயமும் ஒட்டாது, நசுக்கிப் போடும் லக்கும் நிலைக்காது. நீளம் பத்தவில்லையென்றால் அதே தடிமனில் துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், முறுக்கி டேப் சுற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். ஃபியூஸ் மாட்டும் இடத்தையும் பாருங்கள்: ஃபியூஸின் உள்கம்பி முழுசாக இருந்து, பிளாஸ்டிக் மட்டும் உருகியிருந்தால் அதுவும் இதே வியாதிதான், அங்கேயும் பிடி தளர்ந்திருக்கிறது.

ரிலே இல்லாத வண்டி என்றால் இந்தச் சாக்கில் ஒன்று போட்டுவிடுவது நல்லது. சாவி சுவிட்சிலிருந்து ஃபேன் சுவிட்சுக்கு வந்த பழைய ஒயரை ரிலேயின் 86-இல் (ரிலேயின் கால்களில் எழுதியிருக்கும் எண்கள் இவை) கொடுங்கள், 85-ஐ எர்த் செய்யுங்கள். பேட்டரி பிளஸிலிருந்து புதிதாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்றை 30-க்கு இழுங்கள், 87-இலிருந்து ஃபேன் சுவிட்சுக்கு. புது ஒயருக்கு பேட்டரி பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஒரிஜினலில் இருந்த அதே அளவு ஃபியூஸ். இப்போது சாவி சுவிட்ச் வெறும் ரிலே சுருளுக்கான கரண்டை மட்டும் சுமந்தால் போதும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் ரிலே, இதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். இன்னொன்று: 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் ஃபேன் கிடைத்தது என்று இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுக்காதீர்கள், அந்தப் பேட்டரி எப்போதும் பட்டினி, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், இரண்டும் சீக்கிரம் போகும்.

உங்களுக்கு ஃபியூஸ் போகவில்லை, ஆனால் இதே பிரச்சினையோடு ஃபியூஸும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போட்டவுடனே டப்பென்று போனால் ஷார்ட், பத்து நிமிடம் ஓடிவிட்டுப் போனால் மோட்டார் இழுக்கிறது. ஷார்ட்டைத் தேட ஃபியூஸாகப் போட்டுத் தீர்க்க வேண்டாம், ஃபியூஸ் இருந்த இடத்தில் ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் மாட்டிவிட்டு, மோட்டார் கப்ளரைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஒயர் கட்டை இடம் இடமாக அசைத்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் ஒயர் தகட்டில் உரசுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிப்பது மட்டும் கூடவே கூடாது, ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற.

ஃபேன் எல்லா வேகத்திலும் நன்றாக ஓடி, வருவது மட்டும் குளிர்ந்த காற்று என்றால் இதில் சொன்ன எதுவும் பொருந்தாது. கூலன்ட் குறைவு, திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், அடைத்துப்போன ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்), கழன்ற கன்ட்ரோல் கேபிள், அந்தப் பக்கம் பாருங்கள்.

புது ரெசிஸ்டரைக் கடைசியாகப் போடுங்கள். போட்டுப் பார்க்கிற அவசரத்தில் அதைக் குழாய்க்கு வெளியே தொங்கவிட்டபடி ஃபேனை ஓட்டாதீர்கள், ஒரு நிமிடத்துக்குள் சுருள் சிவந்துவிடும், இருக்கிற இடத்தில் பூட்டிவிட்டுத்தான் சோதனை. அப்புறம் இரண்டாவது வேகத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் கையை விட்டு புதுக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முடிந்தது. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே ஆஃப் செய்துவிட்டு மறுபடியும் மீட்டரை எடுங்கள், இன்னும் ஏதோ ஒரு இடம் மிச்சம் இருக்கிறது.